இரவுக்கு ஏலம்!

நிலத்தை ஏலம் விடக் கண்டிருக்கிறோம். மாட்டை, மரத்தை, வட்டி கட்ட முடியாதவன் வீட்டு வெண்கலப் பானையை ஏலம் விடக் கண்டிருக்கிறோம். இரவை ஏலம் விட்ட கதை தெரியுமா தோழர்களே?

விட்டார்கள்! தெருமுனையில் தமுக்கடித்து, ஒரு தரம், இரண்டு தரம் என்று கூவி விடவில்லை. அப்படி விட்டிருந்தால் ஊரார் திரண்டு வந்து தடுத்திருப்பார்கள். வழக்கறிஞர்களின் மேசையிலே, சமரச ஒப்பந்தம் என்ற நல்ல பெயரிலே, ஓசைப்படாமல் விட்டார்கள். ஏலம் போன ஊர், அமெரிக்க நாட்டின் லாஸ் ஏஞ்சல்ஸ். ஆண்டு 2006. ஏலத்தில் எடுத்தவர்கள், விளம்பரப் பலகைத் தொழிலிலே கோலோச்சிய இரண்டு பெரிய நிறுவனங்கள்.

"ஹாலிவுட் இருக்கிற ஊர்தானே அது? அங்கே எரிகிற விளக்குக்கும், அம்பத்தூரிலே லேத் ஓட்டுகிற எனக்கும் என்ன சம்பந்தம்?" என்று தோழர் ஒருவர் கேட்கக்கூடும். சம்பந்தம் இருக்கிறது. அங்கே நேற்று நடந்தது இங்கே நாளை நடக்கும். நம்மூர்ச் சந்திப்புகளிலும் மேம்பாலத்து ஓரங்களிலும் 'டிஜிட்டல் போர்டு' என்று நாம் சொல்லுகிற அந்த ஒளிப்பலகைகள் ஒன்று இரண்டாக முளைத்துக்கொண்டிருப்பதைக் காணாத கண் உண்டா? பயிர் முளைக்கும்போதே களையைக் கண்டுகொள்பவன்தான் நல்ல உழவன். ஆகவே அந்த ஊர்க் கதையைக் கொஞ்சம் விரிவாகவே பார்ப்போம்.

பலகையின் கணக்கு

முதலில் அந்தப் பலகையின் சூட்சுமத்தை அறிந்துகொள்ள வேண்டும்.

துணியிலும் தகரத்திலும் எழுதிய பழைய விளம்பரப் பலகை நமக்குத் தெரியும். விளக்கடித்தால் தெரியும், விளக்கை அணைத்தால் அதுவும் உறங்கும். இப்போது முளைப்பது அந்த இனமல்ல. எல்.இ.டி. எனப்படும் சின்னஞ்சிறு ஒளிமணிகளை ஆயிரம் ஆயிரமாக அடுக்கி, பலகையே விளக்காகவும் விளக்கே பலகையாகவும் செய்த புது இனம். நண்பகல் வெயிலோடு மல்லுக்கு நின்று தெரிய வேண்டும் என்பதற்காக அதற்கு அத்தனை வலு கொடுத்திருக்கிறார்கள். பகலில் வெயிலோடு போட்டி போடுகிற விளக்கு, இரவிலே தன் வேகத்தைக் குறைத்துக்கொள்ளாவிட்டால், எதிர்வீட்டுக் கூடத்திலே பட்டப்பகல்தான்!

அது நிலையாக நிற்பதுமில்லை. படம் மாறிக்கொண்டே இருக்கும். அமெரிக்க ஒன்றிய அரசின் நெடுஞ்சாலைத்துறை 2007-ஆம் ஆண்டு தன் கிளை அலுவலகங்களுக்கு அனுப்பிய குறிப்பொன்றிலே, ஒரு படம் 8 விநாடி நின்று மாறுவது தக்கது என்று பரிந்துரை செய்தது. கணக்குப் போட்டுப் பாருங்கள். மணிக்கு 450 முறை. இரவு 10 மணிக்குப் படுத்துக் காலை 6 மணிக்கு எழுகிற தொழிலாளியின் சன்னலிலே, அவன் உறங்க வேண்டிய எட்டு மணி நேரத்திற்குள் 3,600 முறை ஒளி நிறம் மாறும். சிவப்பு, நீலம், வெள்ளை, மறுபடி சிவப்பு. சோப்பு, கார், சினிமா, மறுபடி சோப்பு!

ஏன் இந்த வேகம்? இங்கேதான் இருக்கிறது இலாபத்தின் இரகசியம். பழைய பலகைக்கு வாடகைக்காரன் ஒருவன். 8 விநாடிக்கொரு படம் என்றால், 64 விநாடியில் எட்டு வாடகைக்காரர்கள்! அதே நிலம், அதே கம்பம். ஆனால் வாடகை எட்டுப் பேரிடமிருந்து. ஏணி வைத்து ஏறி ஒட்டுகிற ஆளும் வேண்டாம். ஓர் அறையிலே உட்கார்ந்து விசையைத் தட்டினால் ஊர் முழுதும் படம் மாறும். வண்ணம் குழைத்துத் தூரிகை பிடித்துச் சுவரிலும் பலகையிலும் எழுதிய நம் ஓவியத் தோழர்களின் பிழைப்பை 'பிளெக்ஸ்' வந்து பறித்தது. அந்தப் பிளெக்சைக் கட்டி இறக்குகிற தோழர்களின் கூலியை இந்த ஒளிப்பலகை பறிக்கும். இதைத் தெரிந்துகொண்டால், ஒரு பலகைக்கு அனுமதி வாங்க முதலாளிகள் ஏன் அத்தனை பாடுபடுகிறார்கள், எந்த நீதிமன்றப் படியையும் ஏறத் துணிகிறார்கள் என்பது விளங்கும்.

சட்டம் செய்தார்கள், பிறகு விற்றார்கள்

லாஸ் ஏஞ்சல்ஸ் மாநகராட்சி 2002-ஆம் ஆண்டு ஒரு நல்ல சட்டம் செய்தது. தன் கடையின் பெயரைத் தன் கடைமீது எழுதிக்கொள்ளலாம். ஆனால் எங்கோ விற்கிற சரக்கை எவன் வீட்டு முன்னாலோ நிறுத்தி விளம்பரம் செய்யும் புதிய பலகைகள் இனி கூடா என்றது. எவ்வளவு நியாயமான வேற்றுமை! செட்டியார் கடை வாசலிலே செட்டியார் பெயர் இருந்தால் வழி தெரியும். அடுத்த ஊர் முதலாளி உன் வாசலிலே வந்து கூவினால் காதுதான் வலிக்கும்.

முதலாளிகள் சும்மா இருப்பார்களா? வழக்குத் தொடுத்தார்கள். வழக்குக்கு மேல் வழக்கு. மாநகராட்சி ஓய்ந்தது. ஓய்ந்துபோய் 2006-ஆம் ஆண்டு கிளியர் சேனல், சி.பி.எஸ். அவுட்டோர் என்ற இரு நிறுவனங்களோடும் சமரசம் செய்துகொண்டது. சமரசத்தின் சாரம் என்ன? இருக்கிற பழைய பலகைகளில் 840 வரையிலும் 'நவீனமாக்கி'க் கொள்ளலாம். அதாவது ஒளிப்பலகைகளாக மாற்றிக்கொள்ளலாம்! புதிய பலகை கூடாது என்ற சட்டம் ஏட்டிலே இருக்க, பழைய பலகைக்குப் புது உயிர் கொடுக்கும் ஒப்பந்தம் பெட்டியிலே இருந்தது. கோவில் வாசலைப் பூட்டிக் கொல்லைப்புறத்தைத் திறந்துவிட்ட கதை!

எதிர்வீட்டுக்காரனுக்கு முன்னறிவிப்பு இல்லை. பேட்டைவாசிகளைக் கூட்டி, "உங்கள் தெருவிலே இது வரப்போகிறது, சம்மதமா?" என்று கேட்ட விசாரணையும் இல்லை. ஒருநாள் மாலை வீடு திரும்பியவன், தன் வீட்டுச் சுவரிலே வண்ணங்கள் ஓடுவதைப் பார்த்துத்தான் செய்தியை அறிந்தான். ஏறத்தாழ நூறு பலகைகள் இப்படி மாற்றப்பட்டபோது, சில்வர் லேக் முதலிய பகுதிகளிலிருந்து கூக்குரல் எழுந்தது. தூக்கம் போயிற்று என்றனர். திரைச்சீலையைத் தாண்டி ஒளி வருகிறது என்றனர்.

கூக்குரல் கேட்டு மாமன்றம் விழித்தது. 2008 டிசம்பரிலே புதிய பலகைகளுக்குத் தற்காலிகத் தடை. 2009-ஆம் ஆண்டு ஒளிப்பலகைக்கு நிலையான தடை. நல்லதுதான்! ஆனால் ஏற்கெனவே எரிந்துகொண்டிருந்த பலகைகள்? ஒப்பந்தத்தின் நிழலிலே அவை எரிந்துகொண்டே இருந்தன.

அணைத்தது யார்?

இனித்தான் கதையின் விந்தை.

அந்தப் பலகைகளை அணைத்தது மக்களின் கூக்குரல் அல்ல. மாநகராட்சியின் மனச்சான்றும் அல்ல. சம்மிட் மீடியா என்ற இன்னொரு விளம்பர நிறுவனம்! பெரிய இருவருக்கு மட்டும் விருந்து, எனக்கு இலை போடவில்லையே என்ற வயிற்றெரிச்சலில் அது வழக்கு மன்றம் போயிற்று. 2012 டிசம்பரிலே கலிபோர்னியா மேல்முறையீட்டு மன்றம் தீர்ப்பளித்தது: அந்த ஒப்பந்தம் சட்டவிரோதம்; அதன்பேரில் கொடுத்த அனுமதிகள் செல்லா. 2013 ஏப்ரலிலே, நகரெங்கும் எழுபதுக்கு மேற்பட்ட ஒளிப்பலகைகள் இருண்டன.

பகையாளியை உறவாடிக் கெடு என்பார்கள். இங்கே கூட்டாளியின் பொறாமையே ஊருக்கு உதவியது! ஆனால் தோழர்களே, இதைக் கேட்டு மகிழ்வதோடு நிறுத்திவிடக் கூடாது. அந்தத் தீர்ப்பின் காரணத்தைக் கவனிக்க வேண்டும். உன் தூக்கம் கெட்டதா, உன் குழந்தை விழித்து அழுததா என்ற கேள்விக்கு அந்த மன்றம் விடை சொல்லவில்லை. அது சொன்னது வேறொன்று. என் கருத்தில், அதைவிடப் பெரிதொன்று. ஊராட்சி தன் சட்டத்தை, தன்மேல் வழக்குப் போட்டவனோடு பேரம் பேசித் தளர்த்த முடியாது. எல்லாருக்கும் பொருந்தும் என்று செய்த சட்டத்திலிருந்து, ஒருவனுக்கு மட்டும் தனி ஒப்பந்தத்தால் விலக்குத் தர முடியாது. சட்டம் மன்றத்தின் சொத்தல்ல, மக்களின் சொத்து. அதைக் காக்கத்தான் மன்றத்துக்கு அதிகாரம், விற்க அல்ல.

இதிலே உழைக்கும் மக்களுக்கு என்ன பங்கு? எல்லாப் பங்கும்! பணக்காரன் சட்டத்துக்கு அஞ்ச மாட்டான். அவனிடம் வழக்கறிஞர் உண்டு. வழக்குப் போட்டு, இழுத்தடித்து, களைப்படையச் செய்து, சமரசம் பேசி, தனக்கொரு சந்து திறந்துகொள்வான். பாட்டாளிக்குச் சந்து கிடையாது. அவனுக்கு இருப்பது சட்டம் ஒன்றுதான். அந்தச் சட்டம் சமரச மேசையிலே கரையுமானால், இன்று ஒளிப்பலகை, நாளை ஆலைக் கழிவுநீர், மறுநாள் வேலைநேரம்!

கதை அங்கே முடிந்ததா? இல்லை. 2023 டிசம்பரிலே அதே லாஸ் ஏஞ்சல்ஸ் மாமன்றம், மெட்ரோ என்ற பொதுப் போக்குவரத்து நிறுவனத்தின் நிலங்களிலே ஒளிப்பலகைகள் நிறுவ வழி திறந்துவிட்டது. பழைய பலகைகள் பல அகற்றப்படும் என்றார்கள். வருகிற வருமானத்திலே மாநகராட்சிக்கும் பங்கு உண்டு என்றார்கள். பேருந்துக்கும் இரயிலுக்கும் பணம் வேண்டும் என்பது நியாயமான தேவை, அதை மறுக்கவில்லை. ஆனால் காவல்காரனே கடைக்குப் பங்காளி ஆன பிறகு, கடை அளவு மீறினால் தட்டிக்கேட்பது யார்? 2006-இலே ஒப்பந்தத்தால் வந்தது, 2023-இலே மன்றத்தின் வாக்கெடுப்பால் வந்திருக்கிறது. முன்னதைவிட இது நேர்மையான வழி என்பதை ஒப்பத்தான் வேண்டும். விவாதம் வெளிப்படையாக நடந்தது. வெளிப்படையாக வந்ததை வெளிப்படையாகத் திருத்தவும் முடியும். ஆனால் அதற்கு விழிப்புள்ள மக்கள் வேண்டும்.

பேச்சுரிமை படும் பாடு

விளம்பர முதலாளிகளின் கையிலே ஒரு கேடயம் உண்டு. "இது எங்கள் பேச்சுரிமை!" என்பார்கள்.

பேச்சுரிமைக்காகச் சிறை சென்ற இயக்கங்களின் வழி வந்தவர்கள் நாம். அந்தச் சொல்லின் அருமை நமக்குத் தெரியும். அதனால்தான் கேட்கிறோம்: பேச்சுரிமை என்றால், உறங்குகிறவன் கண்ணிமையைப் பிரித்துப் பேசும் உரிமையா? மேடையிலே பேசுகிறவனைப் பிடிக்காவிட்டால் எழுந்து போகலாம். ஏட்டைப் பிடிக்காவிட்டால் மடித்து வைக்கலாம். வானொலியை நிறுத்தலாம். எதிரே எரிகிற பலகையை என் வீட்டிலிருந்து நிறுத்த எனக்கு விசை எங்கே?

அமெரிக்க உச்ச நீதிமன்றமே இதை எண்ணிப் பார்த்திருக்கிறது. 1981-ஆம் ஆண்டு சான் டியாகோ நகரின் வழக்கிலே, அந்நகரின் சட்டம் வேறு குறைகளால் வீழ்ந்தபோதிலும், சாலைப் பாதுகாப்பும் ஊரின் தோற்றமும் அரசு பேணத்தக்க நலன்களே என்பதை நீதிபதிகள் ஒப்பினார்கள். 2022 ஏப்ரலிலே டெக்சாஸ் மாநிலத்து ஆஸ்டின் நகரின் வழக்கு வந்தது. பழைய பலகைகளை ஒளிப்பலகைகளாக மாற்ற அனுமதி மறுத்தது அந்த நகரம். ஆறு நீதிபதிகள் ஒருபுறம், மூவர் மறுபுறம். பெரும்பான்மையின் சார்பிலே தீர்ப்பை எழுதியவர் சோனியா சோட்டோமேயர். விளம்பரம் சொல்லும் பொருள் அந்த இடத்திலேயே இருக்கிறதா, வேறிடத்திலா என்று பார்த்து விதி செய்வதால் மட்டும் கருத்தின்மீது கைவைத்ததாகிவிடாது என்பது அதன் சாரம். கருத்தைத் தடுப்பது வேறு, கண்ணைக் குத்தும் கம்பத்தைத் தடுப்பது வேறு என்று நம்மூர்ப் பாமரன் ஒரு வரியிலே சொல்லியிருப்பான்!

இன்னொரு தந்திரமும் உண்டு, அளவுகோல் தந்திரம். "நாங்களே வரம்பு விதித்துக்கொண்டிருக்கிறோம்" என்பார்கள். சுற்றுப்புறத்தில் இருக்கிற வெளிச்சத்துக்கு மேலே 0.3 'அடி மெழுகுவர்த்தி' அளவே கூடுதல் என்பது அமெரிக்க விளம்பரத் தொழில் சங்கம் வகுத்துக்கொண்ட வரையறை. கேட்கும்போது எவ்வளவு அடக்கம்! ஆனால் அளப்பது எங்கே? பலகையின் பரப்பைப் பொறுத்துத் தொலைவிலே குறித்த ஓர் இடத்தில். குடியிருப்பவன் சன்னலில் அல்ல. மேலும், 'சுற்றுப்புற வெளிச்சத்துக்கு மேலே' என்பதைக் கவனியுங்கள். முதல் பலகை எரிந்ததும் சுற்றுப்புறம் வெளிச்சமாகிவிடும். இரண்டாவது பலகை அந்த வெளிச்சத்தின்மேல் ஏறி நிற்கும். மூன்றாவது இரண்டாவதன் தோள்மீது! படி ஏறுகிறவனே படியின் உயரத்தையும் தீர்மானிக்கிற கணக்கு இது.

தூக்கம் என்பது சுகவாசிகளின் ஆடம்பரமா? உடலுக்குள் ஒரு கடிகாரம் ஓடுகிறது. ஒளியும் இருளும்தான் அதற்குச் சாவி கொடுக்கின்றன. அந்தக் கடிகாரத்தின் இயக்கத்தைக் கண்டறிந்ததற்காகவே 2017-ஆம் ஆண்டு மருத்துவ நோபல் பரிசு மூன்று அறிவியலாளர்களுக்கு வழங்கப்பட்டது. இரவிலே கண்ணில் விழும் ஒளி, அதிலும் நீலம் கலந்த ஒளி, தூக்கத்தை அழைத்து வரும் மெலடோனின் என்ற சுரப்பைக் குறைக்கிறது. மாளிகைவாசிக்குத் தோட்டம் உண்டு, மதில் உண்டு, தடித்த திரை உண்டு. முதன்மைச் சாலையோரத்து மாடியிலே ஒற்றை அறையில் ஐந்து பேர் படுக்கும் குடும்பத்துக்கு என்ன உண்டு? மறுநாள் காலை எந்திரத்தின் முன் நிற்பவனின் கண் சொக்கினால் போவது விரல்!

பலகையை இறக்கினார்கள், சேரி தெரிந்தது!

முடியுமா, இந்தப் பெருமுதலாளிகளை எதிர்த்து ஒரு நகரம் நிற்க முடியுமா என்று ஏங்குகிறவர்கள் பிரேசில் நாட்டுச் சாவோ பாவ்லோவைப் பார்க்கட்டும். ஒரு கோடிக்கு மேல் மக்கள் வாழும் மாநகரம். 2006-ஆம் ஆண்டு 'தூய நகரச் சட்டம்' நிறைவேறியது. 2007 தொடக்கத்திலே நடைமுறைக்கு வந்தது. வெளிப்புற விளம்பரப் பலகைகள் அத்தனையும் இறங்க வேண்டும் என்றது சட்டம். கொண்டு வந்தவர் மேயர் கில்பெர்டோ கசாப். அவர் செங்கொடி பிடித்தவரல்ல, வலதுசாரிப் பக்கத்தவர்! ஊர் நாறிப்போனால் வலதுசாரிக்கும் மூக்கு உண்டல்லவா?

தொழில் சாகும் என்றார்கள். நகரம் களையிழக்கும் என்றார்கள். வழக்குகள் போட்டார்கள். பலகைகள் ஆயிரம் ஆயிரமாய் இறங்கின. இறங்கியதும் என்ன தெரிந்தது? பலகைகளுக்குப் பின்னால் மறைந்திருந்த சேரிகள் தெரிந்தன! பளபளக்கும் கைக்கடிகாரத்துக்கும் பட்டாடைக்கும் பின்னால், தகரக் கூரையும் சாக்கடையும் இத்தனை காலம் ஒளிந்து கிடந்தன. விளம்பரம் மறைத்தது சுவரை மட்டுமல்ல, சுரண்டலையும் சேர்த்துத்தான் என்பதை ஒரு நகரமே கண்கூடாகக் கண்டது. பின்னாளில் பேருந்து நிழற்குடைகளிலும் தெருக் கடிகாரங்களிலும் அளவோடு விளம்பரத்துக்கு இடம் கொடுத்தார்கள். தடை முழுமையாக நில்லாது என்பதற்கு அது சான்று. வேண்டுமானால் மக்கள் விதிக்கும் அளவுக்குள்ளே முதலாளி நிற்பான் என்பதற்கும் அதுவே சான்று.

பிரான்சு நாட்டிலே இரவு 1 மணி முதல் காலை 6 மணி வரை ஒளி விளம்பரங்களை அணைக்க வேண்டும் என்ற விதியை, 2022 அக்டோபரிலே எல்லா ஊர்களுக்கும் விரிவாக்கினார்கள். சில விலக்குகள் உண்டு; ஆனாலும் விதி விதிதான். ஒளியின் தலைநகர் என்று புகழப்படும் பாரிசு நகரைக் கொண்ட நாடு அது!

நம் வீட்டுக் கணக்கு

இனி நம் வீட்டைப் பார்ப்போம்.

விளம்பரப் பலகை நமக்குப் புதிய சிக்கலல்ல. தமிழ்நாட்டு விதிகளை எதிர்த்து விளம்பர நிறுவனங்கள் உச்ச நீதிமன்றம் வரை போயின. 2008-ஆம் ஆண்டு அந்த மன்றம் விதிகள் செல்லும் என்றது. அதன்பின் சென்னைச் சாலைகளிலே வானத்தை மறைத்து நின்ற பெரும் பலகைகள் இறங்கின. நெடுநாளைக்குப் பிறகு அண்ணாசாலையிலே நின்று அண்ணாந்து பார்த்தவனுக்கு வானம் தெரிந்தது. அரசு மனம் வைத்தால் முடியும் என்பதற்கு நம்மூரிலேயே சான்று இருக்கிறது.

ஆனால் கண்ணீரும் இருக்கிறது. 2019 செப்டம்பரிலே சென்னைப் பள்ளிக்கரணையில், கட்சிக்காரர் ஒருவர் வீட்டுத் திருமணத்துக்காகச் சாலை நடுவே கட்டிய பேனர் சரிந்து, இருசக்கர வண்டியில் சென்ற இளம் பொறியாளர் ஒருவர் வீழ்ந்து, பின்னால் வந்த தண்ணீர் லாரியில் அடிபட்டு மாண்டார். எந்தக் கட்சி என்று கேட்டுப் பயனில்லை. பேனர் கட்டாத கட்சி எது? வரவேற்பு வளைவும் வண்ணப் பதாகையும் இல்லாமல் தலைவரை வரவேற்கத் தெரியாத பழக்கம் நம் எல்லாரையும் பிடித்த நோய். பிறர் பலகையைச் சுட்டும் விரலை நம் பக்கமும் திருப்பத்தான் வேண்டும். அந்தச் சாவுக்குப் பிறகு பேனர் வேண்டாம் என்று கட்சிகள் தம் தொண்டர்களுக்குச் சொல்லின. சொன்ன சொல்லை ஒவ்வொரு மாநாட்டின்போதும் காப்பாற்றுகிறோமா என்பதைக் கிளைக் கூட்டங்களிலே பேசுங்கள் தோழர்களே!

2023 ஜூன் முதல் நாள், கோவைக்கு அருகே கருமத்தம்பட்டியிலே பலகைச் சட்டம் கட்டும்போது, வீசிய காற்றில் அது சாய்ந்து, தொழிலாளர் மூவர் உயிரிழந்தார்கள். அந்தப் பலகையிலே எந்தச் சரக்கு விளம்பரம் ஆகவிருந்ததோ, அதை வாங்க அவர்கள் கையில் காசு இருந்திருக்குமா? 2024 மே 13 அன்று மும்பை காட்கோபரில், புயற்காற்றிலே பெரும் பலகையொன்று பெட்ரோல் நிலையத்தின்மேல் விழுந்தது. 17 பேர் மாண்டனர். எழுபதுக்கு மேற்பட்டோர் காயமுற்றனர். மாநகராட்சி அனுமதிக்கும் உச்ச அளவு 40 அடிக்கு 40 அடி. விழுந்த பலகையோ 120 அடிக்கு 120 அடி! பெருக்கிப் பாருங்கள், ஒன்பது மடங்கு. நின்ற நிலம் இரயில்வே காவல்துறையின் வசம் இருந்தது. நிலம் ஒரு துறையிடம், விதி ஒரு துறையிடம், பணம் ஒரு நிறுவனத்திடம். பிணம் மட்டும் ஏழையின் வீட்டில்!

இன்னொரு கோணமும் உண்டு. அரசமைப்புச் சட்டத்தின் மாநிலப் பட்டியலிலே 55-ஆவது இனமாக விளம்பர வரி இருந்தது. செய்தித்தாள், வானொலி, தொலைக்காட்சி நீங்கலான விளம்பரங்கள்மீது வரி போடும் உரிமை மாநிலங்களுக்கு உரியதாக இருந்தது. மாநகராட்சிகள் அதன் பலனைக் கண்டன. 2016-ஆம் ஆண்டின் 101-ஆவது திருத்தம் அந்த இனத்தையே அடித்துவிட்டது. 2017 ஜூலை முதல் நாள் ஜி.எஸ்.டி. வந்தது. வரி போடும் உரிமை போன பிறகு, மாநகராட்சியின் கையில் மிஞ்சியது உரிமக் கட்டணமும் நில வாடகையும். விளைவு என்ன? முன்பு இருக்கிற பலகைக்கு வரியை உயர்த்தி வருமானம் தேடலாம். இப்போது வருமானம் வேண்டுமென்றால் பலகையின் எண்ணிக்கை கூட வேண்டும்! கட்டுப்படுத்த வேண்டியவனைப் பசியோடு விட்டுவிட்டு, கட்டுப்பாடு தளர்ந்தது ஏன் என்று கேட்பதிலே பொருளில்லை. டில்லியிலே பறித்த உரிமைக்கும் நம் தெருவிலே எரியும் பலகைக்கும் இடையே ஓடுகிற கம்பி இதுதான்.

என்ன கேட்பது?

விளக்கே வேண்டாம் என்பவர்களல்ல நாம். இருட்டை ஒழிக்கப் புறப்பட்ட இயக்கத்தார் நாம். தெருவிளக்கு எரிய வேண்டிய சந்திலே இருட்டு. உறங்க வேண்டிய வீட்டிலே வெளிச்சம் என்ற தலைகீழ் நிலையைத்தான் எதிர்க்கிறோம். ஆகவே நம் கோரிக்கைகள் தெளிவாக இருக்கட்டும்.

ஒன்று: பழைய பலகையை ஒளிப்பலகையாக மாற்றுவதும் புதுப் பலகையே எனக் கருதப்பட வேண்டும். தெருமக்களுக்கு முன்னறிவிப்பும் விசாரணையும் இன்றி அனுமதி கூடாது.

இரண்டு: வெளிச்சத்தை அளப்பது குடியிருப்பவன் சன்னலில், நள்ளிரவில் நடக்க வேண்டும்.

மூன்று: குடியிருப்புகளை நோக்கி நிற்கும் பலகைகளுக்கு இரவில் அணைக்கும் நேரம் வேண்டும். பிரான்சுக்கு முடிந்தது நமக்கு முடியாதா?

நான்கு: சந்திப்புகளிலே, சிவப்பு விளக்குக்குப் பின்னால் சிவப்புப் படம் ஓடக் கூடாது. பேருந்து ஓட்டும் தோழரின் கண் சாலைமீது இருக்கட்டும்.

ஐந்து: கட்டுகிற தொழிலாளிக்குக் காப்பீடும் பாதுகாப்புக் கயிறும், சட்டத்தின் உறுதிக்குப் பொறியாளர் சான்றும் இல்லாமல் ஒரு கம்பமும் எழக் கூடாது. நிலம் எந்தத் துறையுடையதானாலும் விதி ஒன்றே.

ஆறு: எந்த நிறுவனத்தோடும் தனிச் சமரசம் கூடாது. விதியைத் தளர்த்துவதானால் மாமன்றத்திலே, பகலிலே, பதிவேட்டிலே பெயர் விளங்க வாக்களித்துத் தளர்த்தட்டும்.

இந்த ஆறாவது கோரிக்கைதான் மற்ற ஐந்துக்கும் வேர். லாஸ் ஏஞ்சல்சில் சட்டம் நல்ல சட்டமாகவே இருந்தது. அதை வீழ்த்தியது மேசைக்கடியிலே பேசிய பேரம். நம்மூரிலே பெரிய பலகைக்காரர்கள் எல்லாரும் ஒன்றுகூடி விருந்துண்டால், வயிற்றெரிச்சல் கொண்டு வழக்குப் போட இன்னொரு பலகைக்காரன் வருவான் என்று காத்திருக்க முடியாது.

ஆகவே வட்டக் கிளைத் தோழர்கள் ஒரு வேலை செய்யுங்கள். இன்றிரவு வேலை முடிந்து திரும்பும்போது, உங்கள் வட்டத்திலே எரியும் ஒளிப்பலகைகளை எண்ணுங்கள். எது எந்த வீட்டின் சன்னலைப் பார்த்து நிற்கிறது, எந்தச் சந்திப்பிலே நிற்கிறது, உரிம எண் எழுதியிருக்கிறதா என்று குறித்துக்கொள்ளுங்கள். அந்தப் பட்டியலோடு உங்கள் மாமன்ற உறுப்பினரைப் பாருங்கள். நம் கட்சிக்காரரானாலும் சரி, மாற்றுக் கட்சிக்காரரானாலும் சரி. கேள்வி ஒன்றே: "இதற்கு அனுமதி கொடுத்தது எந்த நாள், எந்தத் தீர்மானம்?"

விடை வரும்வரை கேளுங்கள்.